ஆறும் ஒன்பதும் இல்லாத வரிசை

என் ஜெராக்ஸ் கடைக்கும் பக்கத்து லாண்டரிக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர். மழைக்காலத்தில் என் பேப்பர் கட்டுகள் நமத்துப் போகாமல் இருப்பதற்கு அந்தச் சுவரின் சூடுதான் காரணம். கோடையில் நான் வெந்து சாவதற்கும் அதுவே காரணம். பதினாறு வருஷமாக இரண்டையும் அனுபவித்து வருகிறேன். லாண்டரிக்காரரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட ஆரம்பித்து, அவர்கள் மகள் என்னை அத்தை என்று கூப்பிட்டு, இப்போது நிஜச் சொந்தக்காரர்கள் வந்தால்கூட எனக்கு அவ்வளவு உரிமையாகத் தோன்றுவதில்லை.

மகளுக்கு இந்தத் தெருவில் முதலாளி என்று பெயர். ஆறு வயதில் கடை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ரசீதைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு போலீஸ்காரரை, "ரசீது இல்லன்னா துணி இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவரும் மறுபேச்சு பேசாமல் வீட்டுக்குப் போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு விழுந்த பெயர். இப்போது முதலாளிக்குப் பதினெட்டு வயது. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாள் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. அதுதான் தொந்தரவு.

லாண்டரிக்கு மூன்று கிளினிக்குகளின் துணி வரும், ஒரு தங்கும் விடுதியின் துணி வரும், போதாததற்குத் தெருக்காரர்களின் சட்டையும் பேன்ட்டும். காலை ஐந்தரைக்கு அண்ணன் பாய்லரைப் பற்றவைப்பார். கிளினிக் ஷீட்டுகளை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும், எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் ரத்தக்கறை போகவே போகாது என்று அண்ணி எனக்கே ஒரு தடவை பாடம் எடுத்தாள். பிறகு சோடா, வெந்நீர், அலசல், பிழியும் மெஷின். வெயில் இருந்தால் மொட்டை மாடி. மழை என்றால் பின்னறை. அங்கே கூரைக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, தரையோரம் சூடான குழாய், பேரிரைச்சலோடு ஒரு மின்விசிறி. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிடித்த மழை விடுவதாக இல்லை. பின்னறையில் ஷீட்டுகள் நாள் கணக்கில் தொங்கின. முதலாளி அதற்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு படித்தாள். ஈரவாடையில் என்ன படிப்பு என்று நான் கேட்டிருக்கிறேன். நாலு பக்கமும் ஷீட்டு தொங்கினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

துணிக்கு நம்பர் போடுவது ஏழு வயதிலிருந்து அவள் வேலை. விரல் அகலத்துக்கு வெள்ளைத் துணியைக் கிழித்து, அழியாத மையால் நம்பர் எழுதி, காலரிலோ இடுப்புப் பட்டியிலோ ஊக்கு குத்த வேண்டும். சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் நூறு துண்டு எழுதித் தள்ளிவிடுவாள். அதில் அண்ணனுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆறும் கிடையாது, ஒன்பதும் கிடையாது. ஈரத்தில் சுருண்ட துண்டைத் தலைகீழாகப் பிடித்தால் ஆறு ஒன்பதாகத் தெரியும், ஒருத்தர் சட்டை இன்னொருத்தர் வீட்டுக்குப் போய்விடும். அதனால் அந்தக் கடையில் ஐந்துக்கு அப்புறம் ஏழு. எட்டுக்கு அப்புறம் பத்து. பதினைந்துக்கு அப்புறம் பதினேழு. ஐம்பத்தெட்டைத் தாண்டினால் நேராக எழுபது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒரு வாரம் திணறுவார்கள். முதலாளிக்கு அது கையோடு வந்துவிட்டது.

என் பங்குப் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் படித்த பயிற்சி மையத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதிரித் தேர்வு. திங்கட்கிழமை காலையில் அந்த ஆபீஸ் பையன் ரேங்க் பட்டியலோடு என் கடைக்கு வருவான். இருபது பிரதி. மாடிப்படி, தண்ணீர்க் குழாய், கழிவறைக் கதவு வரைக்கும் ஒட்டுவார்கள். கழிவறைக் கதவில் எதற்கு என்று கேட்டேன். "அங்கதான் அக்கா எல்லாரும் நின்னு படிக்கிறாங்க" என்றான். இப்படி அவளுடைய ரேங்க் அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். முதல் மாதம் பதினொன்று. மையத்துக்காரர்கள் 'நம்பிக்கை நட்சத்திரங்கள்' என்று ஒரு போர்டு வைத்து அதில் அவள் போட்டோவையும் போட்டார்கள். அந்தப் போர்டு வந்ததிலிருந்துதான் சனி பிடித்தது. அடுத்த வாரம் நாற்பத்து மூன்று. அப்புறம் நூற்றுப் பன்னிரண்டு. அப்புறம் நூற்று அறுபது. இருநூறு பேர்தான் மொத்தமே.

அந்தத் திங்கட்கிழமை மதியம் நனைந்துகொண்டே வந்தாள். கையில் நாலு விடைத்தாள் நகல். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு வட்டம் இருக்குமே, அதில் சரியானதைக் கறுப்பாக்கிய தாள்.

"அத்தை, இத கிழிச்சுப் போட்டுருங்க. வீட்ல போட்டா அம்மா எடுத்து வச்சுடுவாங்க."

"எங்க தப்பு விட்டேன்னு பாத்தியா?"

"பாக்கல."

"ஏன்டி?"

"பயமா இருக்கு. மார்க்க மட்டும் பாப்பேன். பாத்துட்டு முதல் பாடத்துலேர்ந்து மறுபடி படிப்பேன். படிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு. பரீட்சைல மட்டும் தப்பாப் போயிடுது. எனக்கு மண்டைல என்னமோ ஆயிடுச்சு அத்தை."

"சாப்பிட்டியா?"

"டீ மட்டும் குடிச்சேன்."

ஒரு பன்னை உடைத்துக் கொடுத்தேன். பாதியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பித் தந்தாள். மார்க் எல்லாம் பெரிய விஷயமா என்று நானும் எல்லாரையும் போலச் சொல்லி வைத்தேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். தாள்களை நான் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, எதற்காவது ஆகும் என்று எடுத்து வைத்தேன். என் கஞ்சத்தனத்தால் ஒரு நல்லது நடந்தது என்றால் அது இதுதான்.

மறுநாள் அண்ணி வந்து நின்றாள். புடவை முழங்கால் வரைக்கும் ஈரம்.

"பொண்ணு ஒங்கிட்ட என்னமோ குடுத்தாளாமே."

"பழைய பேப்பர் அண்ணி."

"எனக்குத் தெரியாதா? குடு. சரியான விடைத்தாளும் ஒன் கடைலதான நகல் எடுக்கறாங்க, அதையும் குடு."

அண்ணிக்கு ஆங்கிலம் தெரியாது. நம்பர் தெரியும், ஏ பி சி டி தெரியும். இஸ்திரி மேசையில் தாளைப் பரப்பி, ஒரு பக்கம் மையம் கொடுத்த விடைப் பட்டியல், ஒரு பக்கம் மகளின் வட்டங்கள் என்று வைத்துக்கொண்டு, ஷீட்டு எண்ணுவது போல விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வேண்டாவெறுப்பாகக் கூட நின்றேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"தங்கச்சி, விடுதில பத்து ஷீட்டு குடுத்து ஒம்போதுதான் திரும்பி வந்துச்சுன்னு சண்டைக்கு வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்து மூட்டைய அவுத்துப் பாப்பேன். முக்காவாசி அங்கதான் கெடக்கும். இங்க பாரு. பத்தொம்போது காலியா இருக்கு. பத்தொம்போதுல வரவேண்டிய பி, இருபதுல இருக்கு. இருபதோடது இருபத்தொண்ணுல. இருபத்தொண்ணோடது இருபத்தி ரெண்டுல. இருபத்தஞ்சு வரைக்கும் ஒரு வரிசை தள்ளித் தள்ளி வந்திருக்கு. இவளுக்குத் தெரியாம இல்லடி. எல்லாம் இருக்கு. பக்கத்து மூட்டைல கெடக்கு!"

நான் பிடுங்கிப் பார்த்தேன். நிஜம்தான். அடுத்த பக்கத்தில் நாற்பத்தாறு காலி. அதற்கப்புறம் நாற்பத்தெட்டு வரைக்கும் ஒரு வரிசை கீழே. இன்னொரு தாளில் எழுபத்தொன்பது. தெரியாத கேள்வி வருகிற இடத்தில் மட்டும் நின்று, அச்சடித்த நம்பரைப் பார்த்து, அடுத்ததிலிருந்து ஒழுங்காக ஆரம்பித்திருக்கிறாள். அதனால் கடைசியில் ஒரு வரிசையும் குறையவில்லை, மிஞ்சவில்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மெஷின் மார்க்கை மட்டும்தானே துப்பும்.

பின்னறையிலிருந்து அவளைக் கூப்பிட்டோம். எப்படி எழுதுகிறாய் என்று அண்ணி கேட்டாள். முதலில் கேள்வித்தாளிலேயே விடையைக் குறித்துக்கொண்டு, பக்கம் முடிந்ததும் மொத்தமாக வட்டம் போடுவாளாம். நேரம் மிச்சம். கண் கேள்வித்தாளில், கை விடைத்தாளில், வாய் நம்பர் சொல்லும்.

"சொல்லு பாப்போம்" என்றாள் அண்ணி.

"பதிமூணு, பதினாலு, பதினஞ்சு, பதினேழு..." என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

நிதானமாக இருந்த வரைக்கும் கண் நம்பரைப் பார்த்திருக்கிறது. பயம் வந்ததும் கை, தனக்குப் பழகிய வழியில் ஓடியிருக்கிறது. பத்து வருஷமாக அந்தக் கை ஆறையும் ஒன்பதையும் எழுதியதே இல்லை. முதலாளி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மார்க்கைத் திருத்திக் கூட்டிப் பார்த்தோம். பழைய பதினொன்றாம் ரேங்கை விட நன்றாகவே இருந்தது. அன்று மதியம் அண்ணி சுடுசோறும் நாலு முட்டையும் ஆக்கிப் போட, அவள் தட்டு நிறையச் சாப்பிட்டாள். கண்டம் தாண்டிவிட்டது என்று நான் நினைத்தேன்.

எங்கே தாண்டியது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உண்மையான தேர்வுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், கடைசி மாதிரித் தேர்வு. திங்கள் காலையில் ஆபீஸ் பையன் பட்டியலைக் கொண்டுவந்தான். நூற்று எண்பத்தொன்று. நான் பட்டியலை மடித்து மேசைக்குள் தள்ளினேன். என்னமோ நான் மறைத்துவிட்டால் கழிவறைக் கதவிலும் மறைந்துவிடும் என்பது போல.

"ஒரு வரிசைகூட மாறல அத்தை" என்றாள், சாயங்காலம். "எல்லாம் அதது எடத்துல இருக்கு. ஆனா ஒவ்வொரு நம்பரையும் மூணு தடவ பாத்தேன். பாத்துட்டு வட்டம் போட்டுட்டு மறுபடி பாத்தேன். நூத்தி எண்பதுல நூத்தி இருபது கேள்வி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. முன்னாடி ரெண்டு நம்பர்லதான் தப்பு. இப்ப எல்லா நம்பரும் பயமா இருக்கு."

நோய் என்னவென்று தெரிந்துவிட்டால் பாதி குணமாகிவிடும் என்று யார் சொன்னதோ தெரியவில்லை. இவளுக்குத் தெரிந்தபின்தான் கூடியது.

அண்ணன் இத்தனை நாளும் அதிகம் பேசவில்லை. பேசுகிற ஆளும் இல்லை. ஆனால் அவர் போட்ட சட்டம்தான் மகளைக் கவிழ்த்தது என்பது அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து நம்பர் துண்டுகளை அவரே எழுத ஆரம்பித்தார். ஆறு எழுதினார், ஒன்பது எழுதினார், எது தலை எது கால் என்று தெரிய கீழே ஒரு கோடு போட்டார். மகள் நடந்து போகும்போது எல்லாம் கண்ணில் படட்டும் என்று எழுதிய துண்டுகளைக் கயிற்றில் வரிசையாகக் காயப் போட்டார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. நல்ல எண்ணம்தான். ஆனால் கோடு போட்டது சாதாரணப் பேனாவில், அது சோடாத் தண்ணீரில் கரைந்து போயிற்று. வெள்ளிக்கிழமை ஒல்லிக்குச்சியான தலைமையாசிரியரின் ஆறாம் நம்பர் பேன்ட், ஒன்பதாம் நம்பர்க்காரரான பஸ் கண்டக்டருக்குப் போனது. கண்டக்டர் தொப்பைக்காரர். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் உள்ளே நுழையப் பார்த்திருக்கிறார். கிழிந்த பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பதினஞ்சு வருஷமா வரேன். ஒரு கர்ச்சீப் மாறினது கிடையாது. இப்ப என்ன வந்துச்சு ஒனக்கு?"

"தப்புதாங்க" என்றார் அண்ணன்.

"ஆறும் ஒம்போதும் போட மாட்டேன்னு நீதானய்யா எனக்கே பெருமையா சொன்ன?"

"ஆமாங்க. இப்பப் போடறேங்க."

"ஏன்?"

தெருவே பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. திரும்பினால் பின்னறைக் கதவில் முதலாளி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் சனிக்கிழமை முழுக்கப் புத்தகத்தைத் தொடவில்லை. ஷீட்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு. ஒன்றரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அடையாள அட்டை நகல் ஒன்றுக்கு நாலாக எடுத்துக்கொண்டு நானும் லாண்டரி வேனில் ஏறினேன். கொடுக்க வேண்டிய விடுதித் துணி பின்னால் அடுக்கியிருந்தது. அண்ணனும் அண்ணியும் முன்னால், நாங்கள் இரண்டு பேரும் தலையணை உறைக் கட்டுகளுக்குப் பக்கத்தில். மழை தூறிக்கொண்டே இருந்தது. தேர்வு மையத்து வாசலில் குடைகளாகத் தெரிந்தது. ஒன்று ஐந்துக்கு வேன் நின்றது.

"எறங்கும்மா" என்றாள் அண்ணி.

அவள் அசையவில்லை.

"கை வேர்க்குது."

"தொடச்சுக்கோ."

"தொடச்சா மறுபடி வேர்க்குது. நான் போகலம்மா."

"என்னடி பேசற? இத்தன நாள் படிச்சுட்டு?"

"மார்க் வரலன்னா?"

"வரலன்னா வரல. மார்க்கா முக்கியம்? நீ நல்லா இருந்தாப் போதும்."

"ஆமாம்மா, நீ எழுதறதே பெரிய விஷயம்" என்று நானும் ஒத்து ஊதினேன்.

"பொய் சொல்லாதீங்க!" அவள் கத்தியது வேனுக்குள் பெரிதாகக் கேட்டது. "முக்கியமில்லன்னா ரெண்டு மாசமா வீட்ல ஏன் டிவி போடல? அத்தை ஏன் லிஸ்ட்ட ஒளிச்சு வச்சாங்க? அப்பா எதுக்குத் தெருவுல நின்னு திட்டு வாங்கினாரு? பரவால்ல பரவால்லன்னு நீங்க சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பயம் கூடுது. எவ்வளவு பெரிசா இருந்தா எல்லாரும் சேந்து இப்படி மறைப்பீங்க?"

அண்ணி முந்தானையால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் அடையாள அட்டை நகல்களை எண்ணினேன்.

"அப்பா, நீ சொல்லு. மார்க் வரலன்னா நீ என்ன பண்ணுவ?"

அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணாடித் துடைப்பான் போய் வந்துகொண்டிருந்தது.

"அழுவேன்" என்றார்.

"என்னங்க!" என்றாள் அண்ணி.

"கேக்கறாளே. சொல்றேன். அழுவேன்டா. கிளினிக் டாக்டருங்க வெள்ளைக் கோட்ட எத்தன வருஷமாத் தோய்க்கறேன். ஒவ்வொண்ணையும் இஸ்திரி போடறப்ப இது ஒனக்குச் சரியா இருக்குமான்னு பாப்பேன். எனக்கு அவ்வளவு ஆச. வரலன்னா கஷ்டமாத்தான் இருக்கும். பரவால்லன்னு எவனாவது வந்து சொன்னா அடிக்கலாம் போல இருக்கும்."

"எத்தன நாள் அழுவ?"

"தெரியல. மூணு நாள், நாலு நாள்."

"என்மேல கோவம் வருமா?"

"வராது." கொஞ்சம் யோசித்தார். "இல்ல, வரும். கொஞ்சம் வரும். சோத்துக்கு உக்காந்தோம்னா போயிடும். நீ எதிர்ல உக்காந்திருப்பல்ல, மூஞ்சியப் பாத்தா போயிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? காலைல பாய்லர் பத்த வைக்கணும். நீயும் அழுதுட்டு வருவ. மறுபடி எழுதறியா, வேற படிக்கறியான்னு பேசுவோம். கஷ்டம்தான்டா. ஆனா தாங்காத கஷ்டம் இல்ல. நான் யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு வாரமா அத மட்டும்தான் யோசிக்கறேன். தாங்கிடுவேன்."

அவள் அப்பாவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சை இழுத்து விட்டாள். அந்த மூச்சு கடைசி வரைக்கும் போய் வந்தது, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"சரி" என்றாள். உள்ளங்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, கதவைத் தள்ளி இறங்கினாள். அண்ணி குடை பிடிக்க ஓடினாள், அவள் வாங்கிக்கொள்ளவில்லை. தூறலில் நடந்து போய் வரிசையில் நின்றாள். அட்டையைக் காட்டினாள். கைகளை விரித்துச் சோதனைக்கு நின்றாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். ஒன்றரைக்குக் காவலாளி கதவை இழுத்துச் சாத்தினார்.

அண்ணி நனைந்து திரும்பி வந்து முன்சீட்டில் ஏறினாள். அப்போதுதான் அண்ணனின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தமே வராமல் அழுதுகொண்டிருந்தார். நான் பதறிப் போனேன்.

"அண்ணே, என்ன இது? இன்னும் அவ எழுதவே ஆரம்பிக்கல. அதுக்குள்ள எதுக்கு?"

"இப்பவே அழுது முடிச்சுடறேன் தங்கச்சி" என்றார், தலையைத் தூக்காமலே. "அவ வெளிய வர மூணு மணி நேரத்துக்கு மேல இருக்கு. எப்படி எழுதிட்டு வந்தாலும் வாசல்ல சிரிச்சுட்டு நிக்கணும்ல. அப்ப உள்ள ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது."

அண்ணி பின்னால் கையை நீட்டி, விடுதிக் கட்டிலிருந்து ஒரு தலையணை உறையை உருவி அவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய், அதன் மடிப்பைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இது இஸ்திரி போட்டதுடி."

"தொடைங்க" என்றாள் அண்ணி. "மறுபடி தோய்ச்சுப் போட்டுக்கலாம்."